பழைய கொழும்பும் புதிய வரைபடமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பின் பழைய கட்டடங்களைப் படமெடுத்து வரைபடத்தில் பதியும் ஒரு சிறு வட்டத்தில் நானும் இருக்கிறேன். கல்யாண வீடு, கோயில் மடம், டியூஷன் வாசல் என்று எங்கே போனாலும் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, கீழே பதிலை வைத்திருக்கிறேன். உங்கள் காணி விஷயம் ஏற்கெனவே நீதிமன்றத்தில் இருந்தால், இதை மூடிவிட்டுச் சட்டத்தரணியிடம் போங்கள்.

தொல்பொருள் என்றால் அநுராதபுரம், பொலநறுவை தானே? கொழும்பில என்ன இருக்கு?

துறைமுக நகரத்தில் பழையது தனியாக நிற்பதில்லை, புதியதற்கு அடியில் கிடக்கும். 14 ஆம் நூற்றாண்டிலேயே இப்னு பதூதா என்ற அரபுப் பயணி இந்த ஊருக்கு வந்து எழுதி வைத்திருக்கிறார். பிறகு போர்த்துக்கேயர் கோட்டை கட்டினார்கள். 1656 இல் அதைப் பிடித்த ஒல்லாந்தர் தங்கள் அளவுக்குச் சுருக்கித் திருத்திக் கட்டினார்கள். 1796 இல் ஆங்கிலேயர் வந்தார்கள். 1869 க்கும் 1871 க்கும் இடையில் கோட்டை மதில்களை இடித்தவர்களும் அவர்கள்தான். இன்றைக்கு “கோட்டை” என்று பஸ்ஸில் டிக்கெட் வாங்கி இறங்குகிறோம், கோட்டையைத் தேடினால் பிரிஸ்டல் வீதிப் பக்கம் டெல்ஃப்ட் வாசல் என்ற ஒரு துண்டும், துறைமுகத்துக்குள் ஒரு கொத்தளத்தின் மிச்சமும்தான்.

தரைக்கு மேலே நிற்பவையும் குறைவில்லை. 1757 இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட வுல்ஃபெண்டால் தேவாலயம், அதற்குக் கீழே கேமன்ஸ் கேட் மணிக்கூண்டு, புறக்கோட்டையில் ஒல்லாந்தர் அருங்காட்சியகம், 1873 இன் பழைய நகர மண்டபம், இரண்டாம் குறுக்குத் தெருவின் சிவப்புப் பள்ளிவாசல். சாமான் வாங்க வந்து இவற்றுக்கு முன்னால் மூட்டையோடு ஆட்டோவுக்குக் காத்து நிற்கிறோம், அண்ணாந்து பார்ப்பதில்லை.

பழசு என்றால் எல்லாமே சட்டப்படி பாதுகாக்கப்பட்டதா?

இல்லை. அடிப்படைச் சட்டம் 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம். 1998 இல் அதற்குப் பெரிய திருத்தம் வந்தது. அதில் இரண்டு கோடுகளை நினைவில் வைத்தால் போதும். முதலாவது, 1815 மார்ச் 2, கண்டி ஒப்பந்தத்தின் நாள். அதற்கு முந்தியது பொதுவாகவே “பழமை வாய்ந்தது” என்ற வரையறைக்குள் வந்துவிடும். இரண்டாவது, 100 ஆண்டு. அதற்குக் குறையாத வயதுள்ள ஒரு கட்டடத்தை அமைச்சர் வர்த்தமானி அறிவித்தல் மூலம் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாகப் பிரகடனம் செய்யலாம். “லாம்” என்பதைக் கவனியுங்கள். 130 வயதான மாளிகை ஒன்று வர்த்தமானியில் ஏறாவிட்டால், இந்தச் சட்டத்தைப் பொறுத்தவரை அது வெறும் பழைய வீடு.

1920 களின் கட்டடங்கள் ஒவ்வொன்றாக 100 ஐத் தாண்டி வருகின்றன. ஆனால் அடுத்து வந்த நவீன கட்டடக்கலைக்கு இந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1960 களின் தொடக்கத்தில் கொழும்பு அல்ஃப்ரட் பிளேஸில் கட்டிய ஏனா டி சில்வா வீட்டைக் கழற்றி, துண்டு துண்டாக இலக்கமிட்டு, பெந்தோட்டைப் பக்கம் லுணுகங்கைக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கட்ட வேண்டி வந்தது. அது தப்பியது அக்கறையுள்ள ஆட்கள் இருந்ததால்.

எங்கட வீட்டுக்கு 110 வயசு. பதிஞ்சா அரசாங்கம் எடுத்துப் போடுமோ?

பிரகடனம் செய்தாலும் காணி உறுதி உங்கள் பெயரில்தான் இருக்கும். வீட்டில் நீங்கள்தான் குடியிருப்பீர்கள். மாறுவது ஒன்று: இடிப்பது, மாற்றுவது, பெரிய திருத்தம் செய்வது எல்லாவற்றுக்கும் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். தனியார் காணியென்றால் முன்னறிவித்தலும் ஆட்சேபம் சொல்லும் வாய்ப்பும் உண்டு. வடக்கு கிழக்கில் காணி போன கதைகளை மனதில் வைத்துத்தான் இதைக் கேட்கிறீர்கள் என்று தெரியும். அதற்குக் கீழே தனியாகப் பதில் சொல்கிறேன்.

அத்திவாரம் தோண்டேக்க பழைய காசோ கல்லோ வந்தா?

வேலையை நிறுத்துங்கள். மேசன் பாஸ் “கழுவிப் பார்ப்பம்” என்பார், விடாதீர்கள். கிடந்த இடத்திலேயே, பக்கத்தில் ஒரு அளவுநாடாவை விரித்து வைத்துப் படமெடுத்துவிட்டு, தொல்பொருள் திணைக்களத்துக்கோ பிரதேச செயலகத்துக்கோ பொலிஸுக்கோ உடனே அறிவியுங்கள். காணி உங்களுடையது என்பதற்காக மண்ணுக்குள் இருந்த தொல்பொருள் உங்களுடையதாகாது, அது அரசுடைமை. அனுமதிப்பத்திரம் இல்லாமல் தேடித் தோண்டுவது குற்றம்.

சின்னக் கல்தானே என்று நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழியில் எழுதிய ஒரு கல் இருக்கிறது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோவின் கப்பற்படை கொண்டுவந்தது, பொறிக்கப்பட்ட காலம் 1409. தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்குக் கொடுத்த காணிக்கைகளை அடுக்கிச் சொல்கிறது. அந்தக் கல்லை 1911 இல் காலியில் ஒரு பொறியியலாளர் கண்டெடுத்தபோது, அது ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்தது. வீதி வேலை செய்த யாரோ, நல்ல பலகைக் கல் என்று எடுத்துக் கவிழ்த்துப் போட்டிருக்கிறார்கள்.

இதுக்கும் நகரத் திட்டமிடலுக்கும் என்ன சம்பந்தம்? தொல்பொருள்காரர் பார்த்துக்கொள்ளட்டுமே.

நான் எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். ஒரு பழைய கட்டடம் புல்டோசர் வந்த அன்றைக்கு அழிவதில்லை. பல மாதங்களுக்கு முன், மாநகர சபையிலோ நகர அபிவிருத்தி அதிகார சபையிலோ ஒரு மேசையில், ஒரு கோவை ஒப்பமாகிற போதே அதன் கதை முடிந்துவிடுகிறது. அந்தக் கோவையில் நில அளவைப் படம், உறுதி, கட்டட வரைபடம், வாகனத் தரிப்பிடக் கணக்கு, வீதிக்கோடு எல்லாம் இருக்கும். அந்த இடத்தில் நிற்பது என்ன, எத்தனை வயது என்ற விவரம் பெரும்பாலும் இருக்காது. அந்தப் பட்டியல் இன்னொரு திணைக்களத்தில், இன்னொரு அலுமாரியில் இருக்கிறது. ஒப்பமிடும் அலுவலர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவருடைய திரையில் அது தெரிவதில்லை, அவ்வளவுதான்.

“தொல்பொருள் தாக்க மதிப்பீடு இருக்கே” என்பார்கள். வேலை தொடங்க முன் அந்தக் காணியில் தொல்பொருளுக்குப் பாதிப்பு வருமா என்று பார்ப்பதுதான் அது. இருக்கிறது. 1998 திருத்தத்தின் கீழ் 2000 ஆம் ஆண்டில் வந்த ஒழுங்குப்படி, 0.25 ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியில் நடக்கும் அபிவிருத்திக்கு அது தேவை. இப்போது கணக்குப் பாருங்கள். 0.25 ஹெக்டேயர் என்பது 2,500 சதுர மீற்றர், கிட்டத்தட்ட 99 பேர்ச்சஸ். வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ கொட்டாஞ்சேனையிலோ அபார்ட்மென்ட் எழும்புவது 12, 15, 20 பேர்ச்சஸ் துண்டுகளில். நெடுஞ்சாலைக்கும் நீர்ப்பாசனத் திட்டத்துக்கும் சரியாகப் பொருந்தும் ஒரு வலை, கொழும்பின் சின்ன மீன்களை அப்படியே விட்டுவிடுகிறது. ஒரு தெருவில் பத்து வீடு ஒவ்வொன்றாகப் போனாலும், ஒரு தடவைகூட அந்த மதிப்பீட்டுக்கு வேலை வராது.

வீதிக்கோடும் இப்படித்தான். எப்போதோ வீதியை அகலமாக்க நினைத்து ஒரு கோடு போட்டிருப்பார்கள். அதற்குள் வரும் கட்டடத்தைத் திருப்பிக் கட்டினால் பின்னுக்குத் தள்ளிக் கட்ட வேண்டும். தூண் வராந்தாக்கள் வரிசையாக நிற்கும் தெருவில் ஒன்று பின்னுக்குப் போனால் வரிசை உடைந்துவிடும். வீதியோ கடைசிவரை அகலமாகாது.

400 யார் சட்டம் என்று ஒன்று சொல்றாங்களே, அது என்ன?

பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தைச் சுற்றியுள்ள பகுதியிலும் கட்டுவதைக் கட்டுப்படுத்தச் சட்டத்தில் இடமிருக்கிறது. நடைமுறையில் 400 யார் என்றே பேசப்படுகிறது, ஏறத்தாழ 366 மீற்றர். புறக்கோட்டை போன்ற இடத்தில் ஒரு சின்னத்திலிருந்து 366 மீற்றர் வட்டம் போட்டால் பல குறுக்குத் தெருக்கள் உள்ளே வந்துவிடும். ஃப்ளாட் வாங்கப் போகிறவர்கள் முற்பணம் கட்ட முன் இதை விசாரிப்பது நல்லது. ஆனால் அந்த வட்டங்களை எல்லாம் ஒரே வரைபடத்தில் எந்த வீட்டுக்காரரும் பார்க்கக்கூடிய மாதிரி வைக்காவிட்டால், யார் எந்த வட்டத்துக்குள் என்பது புரோக்கருக்கே தெரியாது.

திறந்த தரவு என்றால்? அரசாங்க இணையத்தளத்தில பிடிஎஃப் போட்டிருக்காங்கதானே?

வர்த்தமானிகள் இணையத்தில் கிடைக்கின்றன, உண்மை. ஒரு வேலை செய்து பாருங்கள். பழைய தமிழ் வர்த்தமானி பிடிஎஃப் ஒன்றைத் திறந்து, ஒரு வரியைப் பிரதி எடுத்து வேறு இடத்தில் ஒட்டுங்கள். பலவற்றில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பைதான் விழும். பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது. கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு வெறும் கிறுக்கல். “கொட்டாஞ்சேனை” என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. இன்னும் பழையவை வெறும் ஸ்கேன் படங்கள்.

திறந்த தரவு என்று நான் கேட்பது மிகச் சாதாரணமானது. ஒவ்வொரு இடத்துக்கும் மாறாத ஓர் இலக்கம். மூன்று மொழியிலும் ஒருங்குறியில் (யூனிகோட்) பெயர். வர்த்தமானி இலக்கமும் திகதியும். வரைபடத்தில் அதன் எல்லை. யாரும் பதிவிறக்கி, திரும்பப் பயன்படுத்தலாம் என்ற உரிமக் குறிப்பு. இது விரிதாளாகவும் வரைபட அடுக்காகவும் இருந்தால், திட்டமிடல் அலுவலரின் திரை, வங்கியின் கடன் பகுதி, வீடு வாங்குபவரின் போன் எல்லாவற்றிலும் ஒரே விவரம் தெரியும். எல்லை இல்லாமல் “கொழும்பு மாவட்டம், இன்ன பிரதேச செயலகப் பிரிவு” என்ற ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் ஒரு கட்டடத்தைக் காப்பாற்ற முடியாது.

வேற நாட்டில இப்படிச் செய்றாங்களா, இல்லாட்டி உங்கட கற்பனையா?

இங்கிலாந்தில் பட்டியலிட்ட கட்டடங்களின் தேசியப் பட்டியல் வரைபடத் தரவாகவே வெளியிடப்படுகிறது. கெட்டி பாதுகாப்பு நிறுவனமும் உலக நினைவுச்சின்ன நிதியமும் சேர்ந்து உருவாக்கிய ஆர்ச்சஸ் என்ற திறந்த மூல மென்பொருளில்தான் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் தன் பட்டியலை வைத்திருக்கிறது. மென்பொருளுக்குக் காசில்லை. ஆட்களுக்கும் நேரத்துக்கும்தான் காசு.

எல்லாத்தையும் வரைபடத்தில போட்டா புதையல் தோண்டுறவனுக்கு வழிகாட்டின மாதிரி ஆகாதா?

நியாயமான பயம். ஆனால் இடத்துக்கு இடம் பதில் மாறும். காட்டுக்குள் காவலில்லாமல் கிடக்கும் சிதைவு, கடலடிக் கப்பல் மிச்சம் போன்றவற்றுக்குத் துல்லியமான புள்ளியைப் பொதுவில் போடக்கூடாது. ஒரு சில கிலோமீற்றர் கட்டத்துக்குள் எங்கோ இருக்கிறது என்று மட்டும் காட்டிவிட்டு, சரியான இடத்தை அனுமதி பெற்றவர்களுக்குத் திறக்கலாம். கொழும்பில் பிரதான வீதியில் நிற்கும் மணிக்கூண்டை மறைத்து வைத்து என்ன பயன்? இங்கே ஆபத்து மண்வெட்டிக்காரனால் வருவதில்லை, கொன்ட்ராக்டரால் வருகிறது. அவருக்கு இடம் ஏற்கெனவே தெரியும்.

தொல்பொருள் என்று சொல்லித்தானே தமிழரின்ர காணியைப் பிடிக்கிறாங்கள்? நாங்களே பட்டியல் போட்டுக் குடுக்கிறதா?

இதைக் கோபமாகக் கேட்பவர்கள் உண்டு, அந்தக் கோபம் சும்மா வரவில்லை. குருந்தூர்மலை, வெடுக்குநாறிமலை, கன்னியா என்று வடக்கு கிழக்கில் தொல்பொருளின் பேரில் சர்ச்சையான இடங்களின் பெயர்களை எல்லோரும் அறிவோம். 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென ஜனாதிபதி செயலணி ஒன்று அமைக்கப்பட்டது. பெரும்பான்மை தமிழ் பேசும் மக்கள் வாழும் மாகாணத்துக்கான அந்தச் செயலணியில் தொடக்கத்தில் தமிழரோ முஸ்லிமோ ஒருவர்கூட இருக்கவில்லை. அப்படி இருக்கும்போது “தொல்பொருள்” என்ற பலகையைக் கண்டால் நெஞ்சு பதறாமல் என்ன செய்யும்.

ஆனால் அந்தச் சம்பவங்களில் நமக்கு எதிராக வேலை செய்தது என்ன என்று யோசியுங்கள். எல்லை எங்கே என்று முன்கூட்டித் தெரியாது. என்ன ஆதாரத்தில் அறிவித்தார்கள் என்று தெரியாது. ஆட்சேபம் எங்கே போனது என்று தெரியாது. ஒரு நாள் காலையில் கல் நட்டிருக்கும், அவ்வளவுதான். மூடிய பட்டியல் அதிகாரம் உள்ளவனுக்குத்தான் வசதி. ஒவ்வொரு பிரகடனத்துக்கும் எல்லைக் கோப்பு, அகழ்வு அறிக்கை, ஆட்சேபங்கள், முடிவுக்கான காரணம் எல்லாம் பொதுவில் இருந்தால் எதிர்த்துப் பேச ஒரு பிடி கிடைக்கும். தரவு வந்தால் அரசியல் திருந்திவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. திருந்தாத அரசியலோடு மல்லுக்கட்ட ஆவணம் இல்லாமல் போகாதீர்கள் என்கிறேன்.

கொழும்பில் நிலைமை இன்னொரு மாதிரி. இங்கே நம்முடையது பிடிபடுவதைவிடப் பதியப்படாமல் போவதுதான் அதிகம். செட்டியார் தெருவின் கதிரேசன் கோயில்கள், ஆடிவேல் போகும் வழி, கொம்பனித்தெருவின் மலாய், முஸ்லிம் குடும்பங்களின் வரிசை வீடுகள், பழைய அச்சகங்கள். இவற்றை யாராவது வந்து பட்டியலில் போடுவார்கள் என்று இருந்தால் இருந்தபடியே இருக்க வேண்டியதுதான்.

கோயிலைப் பட்டியல்ல போட்டா கும்பாபிஷேகத் திருப்பணி செய்ய ஏலாதே?

வழிபாடு நடக்கும் இடத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க முடியாது. நம் மரபே புதுப்பிக்கும் மரபு. கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசர் கோயில் 1857 இல் பொன்னம்பல முதலியார் கட்டியது. அவருடைய மகன் பொன்னம்பலம் இராமநாதன் 1907 தொடங்கி 1912 வரை அதைக் கருங்கல்லில் திருப்பிக் கட்டினார். இன்று நாம் வியந்து பார்க்கும் கட்டடம் ஒரு திருப்பணியின் விளைவு.

பிரகடனமான கோயிலென்றால் திணைக்களத்தோடு பேசித்தான் செய்ய வேண்டும். பிரகடனமாகாததற்கு அறங்காவலர்களிடம் நான் கேட்பது இவ்வளவே: பழைய சுவரைத் தட்ட முன் அளந்து, படமெடுத்து, கல்வெட்டும் உபயகாரர் பெயர்ப் பலகையும் இருந்தால் எழுத்து விடாமல் பதிந்து வையுங்கள். கல்வெட்டின் மேல் எனாமல் பெயின்ற் அடிக்காதீர்கள். டைல்ஸ் ஒட்டுவது பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தப் பக்கம் போதாது.

பழசை வைச்சிருந்தா உரிமையாளருக்கு என்ன லாபம்? மாடி கட்டினா கோடி வருமே.

இப்போதைக்கு லாபம் மிகக் குறைவு. அதை மறைத்துப் பேசுவதால்தான் பாதுகாப்புப் பேச்சு எடுபடுவதில்லை. 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டத்தின் கீழ் வந்த பழைய வாடகைக்காரர் இருந்தால் வாடகை ஒரு சாப்பாட்டுக் காசுக்கும் காணாது, கூரை மாற்ற லட்சக்கணக்கு வேண்டும். உரிமையாளர் ஓட்டைப் பிரித்துவிட்டு மழைக்குக் காத்திருக்கிறார் என்றால், அவரைத் திட்டுவது மட்டும் போதாது.

மும்பையில் ஒரு வழி இருக்கிறது. மரபுரிமைக் கட்டடத்தின் மேல் கட்ட முடியாமல் போகும் தளப்பரப்பை உரிமையாளர் வேறொரு இடத்தில் கட்டுபவருக்கு விற்கலாம். காசு கிடைக்கும், பழையதும் நிற்கும். இதை இங்கே செய்ய வேண்டுமென்றால் எந்தக் கட்டடத்துக்கு எவ்வளவு பரப்பு மிச்சம், யாருக்கு விற்றது என்பது பொதுவில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே பரப்பு இரண்டு தரம் விலைப்படும். சொத்து வரிச் சலுகை, கூரைக்கு மட்டும் சின்ன மானியம் என்று இதைவிட எளியவையும் உண்டு. என்னைக் கேட்டால் கூரை மானியத்தில் தொடங்குவேன். ஓட்டு வீடு சாவது முதலில் கூரையில்.

டச்சு ஹொஸ்பிட்டல் மாதிரி எல்லாத்தையும் ரெஸ்டோரன்ட் ஆக்கினா அதுவும் பாதுகாப்பா?

கோட்டையில் ஒல்லாந்தர் மருத்துவமனையாகக் கட்டிய அந்தக் கட்டடம் 1681 இலேயே இருந்தது. பொலிஸ் நிலையமாக இருந்தது, 1996 மத்திய வங்கிக் குண்டுவெடிப்பில் அடிபட்டது, 2011 இல் கடைத்தொகுதியாகத் திறந்தது. நண்டு சாப்பிட வருபவர்களின் காசில் தடித்த சுவர்கள் நிற்கின்றன. எனக்கு அதில் வருத்தமில்லை. வருத்தம், அந்த ஒரு மாதிரியையே எல்லா இடத்துக்கும் பிரதி எடுப்பதில். புறக்கோட்டையின் மொத்த வியாபாரி மேல்மாடியில் கணக்கெழுதி, கீழே மிளகாய் மூட்டை அடுக்கும் கட்டடத்தை, அவரையும் மூட்டையையும் வெளியேற்றிவிட்டுக் காப்பாற்றினால் சுவர்தான் மிஞ்சும்.

விவரம் கேட்டா அலுவலகத்தில தர மாட்டாங்களே?

வாயால் கேட்டால் “பிறகு வாங்க” தான். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேளுங்கள். குடிமகன் யாரும் கேட்கலாம், தமிழில் எழுதலாம், ஏன் வேண்டும் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தில் மேன்முறையீடு, அதற்குப் பிறகு ஆணைக்குழு.

“ஏன் இடிக்க விட்டீர்கள்” என்று கேட்டால் பதில் வராது, அது தகவல் அல்ல, சண்டை. ஆவணத்தைக் கேளுங்கள்: இன்ன வீதியில் இன்ன இலக்கத்துக்குக் கொடுத்த அபிவிருத்தி அனுமதியின் பிரதி, அதற்கு முன் தொல்பொருள் திணைக்களத்தின் கருத்து கேட்கப்பட்டதென்றால் அந்தக் கடிதம், இந்தப் பிரிவில் பிரகடனமான சின்னங்களின் பட்டியல் விரிதாள் வடிவில். “விரிதாள் வடிவில்” என்பதை எழுத மறந்தால் மங்கலான போட்டோகொப்பி வரும்.

நான் தொல்பொருள் படிச்ச ஆள் இல்லை. என்னால என்ன செய்ய ஏலும்?

யாரும் திருத்தக்கூடிய இலவச வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்புக்குரிய செயலி ஒன்றைப் போனில் போட்டு, உங்கள் தெருவிலிருந்து தொடங்குங்கள். கட்டடத்தின் தமிழ்ப் பெயருக்குத் தனிப் பெட்டி இருக்கிறது, பெரும்பாலும் காலியாகக் கிடக்கிறது. முகப்பில் ஆண்டு பொறித்திருந்தால் அதையும் போடுங்கள். கூகுள் மேப்பைப் பார்த்து எழுதக்கூடாது, உரிமம் இடம்கொடாது. நேரில் பார்த்ததை எழுதுங்கள். உள்ளே ஆட்கள் குடியிருந்தால் கேட்டுவிட்டுப் படமெடுங்கள்.

கணினி பழகியவர்களுக்கு இன்னும் சுவையான வேலை, பழைய ஒல்லாந்தர் வரைபடத்தை இன்றைய நகரத்தின் மேல் பொருத்துவது. கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் பழைய படத்தை ஏற்றி, அன்றும் இன்றும் இடம் மாறாமல் இருக்கும் புள்ளிகளை இரண்டிலும் குறிக்க வேண்டும். வுல்ஃபெண்டால் தேவாலயம் முதல் புள்ளி. பிறகு மணிக்கூண்டு, டெல்ஃப்ட் வாசல், பழைய குறுக்குத் தெரு முனைகள். வடக்கு மேலே இருக்கும் என்று நம்பாதீர்கள். கரையோரத்தில் புள்ளி போடாதீர்கள், துறைமுகம் கட்டியதில் கரையே நகர்ந்துவிட்டது. எட்டுப் பத்துப் புள்ளி சரியாக விழுந்தால் இடித்துப்போட்ட மதில் இன்று எந்தக் கட்டடத்துக்குக் கீழே ஓடுகிறது என்று தோராயமாகத் தெரியும். ஒல்லாந்தர் காலத் தோம்புகளும் இருக்கின்றன: யாருடைய காணி, என்ன மரம் என்று எழுதிய பதிவேடுகள். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆவணங்கள் 2003 இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் ஏறின.

இடிச்சு முடிஞ்ச கட்டடத்தைப் பதிஞ்சு என்ன பிரயோசனம்?

இடிப்பது பெரும்பாலும் தரைமட்டம் வரைதான். அத்திவாரம், கிணறு, பழைய வடிகால் எல்லாம் கீழே இருக்கும். மேலே சொன்ன கோட்டை மதிலே அதற்கு உதாரணம். அடுத்த தடவை அந்த இடத்தில் நிலத்தடி வாகனத் தரிப்பிடம் தோண்ட விண்ணப்பம் வரும்போது, கீழே என்ன வரலாம் என்று சொல்ல ஒரே வழி அந்தப் பதிவு. ஆகவே கட்டடம் போய்விட்டது என்று பதிவை அழிக்காதீர்கள். ஓபன்ஸ்ட்ரீட்மேப் இன்று இருப்பதற்கான வரைபடம், அதில் நிற்காத கட்டடத்தை எடுத்துவிடத்தான் வேண்டும். அப்படி எடுத்ததை, பழைய காலத்து இடங்களுக்கான வரைபடமான ஓபன்ஹிஸ்டோரிக்கல்மேப்பில், இடித்த ஆண்டோடு சேர்த்துப் போடுங்கள். ஆண்டு மட்டும் தெரிந்து மாதம் தெரியாவிட்டால் ஆண்டை மட்டும் எழுதினால் போதும், ஜனவரி 1 என்று நிரப்ப வேண்டாம்.